பல்பு வெளுத்த சாயங்காலம்

எங்கள் ஊரில் மழை எங்கே பெய்கிறது என்று தெரிந்துகொள்ள யாரும் வானத்தைப் பார்த்ததில்லை. பல்பைப் பார்த்தார்கள். கவரைப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து சைக்கிளில் போய்ச் சேரக்கூடிய கிராமம் அது. வீடுகளுக்கும் வயல்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர். கோடை நெல்லான நவரைப் பயிருக்குத் தண்ணீர் இறைக்கும் மாதங்களில் பம்புசெட்டுகள் கரண்டு முழுவதையும் குடித்துவிட்டு மிச்சத்தை வீடுகளுக்கு விடும். பல்புக்குள் சிவப்பாக ஒரு புழு நெளிவதுபோல இருக்கும். அதன் கீழே உட்கார்ந்து அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்துச் சாப்பிடுவோம். திடீரென்று ஒரு சாயங்காலம் பல்பு வெளுத்துக் கண்ணைக் கூசினால், எங்கோ வயலில் மழை விழுகிறது, மோட்டாரை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் முற்றத்தில் ஒரு துளிகூட விழுந்திருக்காது. ஆனாலும் பெண்கள் கொடியிலிருந்து துணியை எடுக்க ஓடுவார்கள்.

அறுபதுகளின் கடைசியில் நான் பக்கத்து டவுனில் மின்சார இலாகா அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். புகார்களைப் பதிவு செய்வது என் வேலைகளில் ஒன்று. குறைந்த வோல்டேஜ் என்று வரும் புகாருக்குத் தனி ரிஜிஸ்டர் இருந்தது; அதற்கான பதிலும் தயாராக இருந்தது: 'பாசனப் பருவம் முடிந்ததும் நிலைமை சீராகும் எனத் தெரிவிக்கப்படுகிறது.' என் வீட்டுப் புகாரை நானே எழுதி, நானே பெற்று, நானே பதிவு செய்து, நானே பதிலும் அனுப்பினேன். தபாலில் வந்த பதிலைப் படித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

என் மனைவிக்குத்தான் அதில் திருப்தி இல்லை. அவள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த வால்வு ரேடியோ ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. நல்ல வோல்டேஜ் வந்தால் அதன் நெற்றியில் ஒரு பச்சைக் கண் மெல்லத் திறக்கும், பிறகு பேசும். மாசி, பங்குனியில் கண் திறக்காது. தொண்டை கட்டினவன் கூப்பிடுவதுபோல ஒரு உறுமல் மட்டும் வரும். பேசாத ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை என்பதால் ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் நின்று புதுப்பித்து வந்தேன்.

அவள் பள்ளியிறுதி வரை படித்தவள். ஐப்பசியில் ஒருநாள், ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த கோபத்தில், வானொலி நிலையத்தின் பெண்கள் நிகழ்ச்சிக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பினாள். தலைப்பு: மழைக்காலத்தில் விறகைக் காக்கும் முறை. நான்தான் நல்ல கையெழுத்தில், பத்தி பிரித்து, எண் போட்டு எழுதிக் கொடுத்தேன். கடற்கரைத் தோப்புகளிலிருந்து கால்வாய்ப் படகில் வரும் சவுக்குக் கட்டையை விறகுக் கடையில் எடை போட்டுத்தான் விற்பார்கள். மழை நாளில் அந்த எடையில் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே விறகின் சூட்டில் ஒரு பங்கு போய்விடும், மிச்சச் சூட்டில்தான் சோறு வேகும் என்று அவள் எழுதியிருந்தாள். வெயில் காலத்தில் மாதம் முழுக்க வரும் கட்டு, அடைமழையில் பாதி மாதத்துக்குக்கூட வராது. இதை எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்குச் சொல்லவில்லை, அடுப்பு சொன்னது.

வரச் சொல்லிக் கடிதம் வந்தது. இருவரும் ரயிலேறிப் பட்டணம் போனோம். ஒலிப்பதிவு அறையில் ஐஸ் பெட்டிக்குள் நுழைந்ததுபோல ஒரு குளிர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை உட்கார வைத்தார்கள். அவள் உதடு அசைவது தெரிந்தது, சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டாள்.

"சார், பேசினத ஒரு தரம் போட்டுக் காட்டுவீங்களா?"

"ஒலிபரப்பும்போது கேட்டுக்குங்கம்மா. எல்லாரும் அப்படித்தான்" என்றார் அவர்.

திரும்பி வரும்போது செவ்வாப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த கூட்டம் பெட்டியை நிறைத்திருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே என் காதருகே குனிந்து கேட்டாள்.

"ஏங்க, என் குரலு ரேடியோவுல எப்படி இருக்கும்?"

"குரல் மாதிரிதான் இருக்கும்."

"உங்க அக்கா சொல்றாங்க இல்ல, எண்ணெ போடாத கெணத்து ராட்டினம்னு. அப்படியா இருக்கும்? எல்லார் குரலும் எனக்கு வெளியில இருந்து கேக்குது. என்னுது மட்டும் உள்ள இருந்தே கேக்குது. ஒரே ஒரு தரம் நானே வெளியில நின்னு கேக்கணும்."

அந்தப் புகாரை எந்த ரிஜிஸ்டரில் பதிவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மழைக்காலத்துக்கென்று எழுதிய உரை, அதற்குரிய வழிகளில் நகர்ந்து, பங்குனிக் கடைசியில் ஒலிபரப்பாகும் என்று அட்டை வந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பெயருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. கிணறுகளில் நாளெல்லாம் ஊறுகிற தண்ணீரைச் சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் இறைத்தார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் உரை.

வேறு வழிகளையும் பார்த்தோம். ஊரில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். அதை வைத்திருந்த அரிசி வியாபாரி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நாயுடுப்பேட்டைக்குப் போய்விட்டார். பஞ்சாயத்து ரேடியோவும் இதே கம்பியில்தான் தொங்கியது. பொன்னேரி டீக்கடையில் ரேடியோ உண்டு. "டீக்கடை பெஞ்சாண்ட நின்னுகினு என் குரல நான் கேக்கணுமா?" என்றாள். திருவள்ளூரில் என் அக்கா வீட்டில் ரேடியோவும் இருந்தது, வோல்டேஜும் இருந்தது. அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையில், அந்த யோசனையை நானே வாபஸ் பெற்றுக்கொண்டேன்.

ஆகவே பம்புசெட்டுக்காரர்களைக் கேட்பதென்று முடிவாயிற்று. அந்தக் கம்பியில் ஏழு மோட்டார்கள். கால் மணி நேரம் நிறுத்தினால் போதும்.

முதலில் ஆற்றோரம் நிலம் வைத்திருந்த பெரியவரிடம் போனேன். ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பெண் கட்டியவர். யாரைப் பார்த்தாலும் நைனாதான்.

"கால் மணி நேரம் இன்னா நைனா, அரை மணி நிறுத்தறேன். ஊருப் பொண்ணு ரேடியோவுல பேசுது. ஆனா ஒண்ணு. நான் நிறுத்தினா ஏரிக்கரையான் நிறுத்துவானா? அவன் மோட்டாரு ராட்சசன். என் கெணத்துத் தண்ணிய பூமிக்குள்ளயே உறிஞ்சிக்கினு போயிடும்."

மற்றவர்களும் இதையேதான் சொன்னார்கள். ஆளுக்கு ஆள் சரி என்றார்கள்; ஆனால் ஏரிக்கரைக்காரர் நிறுத்தினால்தான். அவருடைய மோட்டார் மற்ற ஆறுக்கும் சமம். அவர் சம்மதித்தால் ஊர் சம்மதித்த மாதிரி.

ஏரிக்கரைக்காரர் வரப்பில் குந்தியபடி வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். முறையாக, காரணம், கால அளவு, கோரிக்கை என்று வரிசைப்படுத்திச் சொன்னேன்.

"சார், போன மாசம் உங்க ஆபீசுக்கு நான் ஒரு மனு எழுதிப் போட்டேன், கரண்டு பத்தல, மோட்டாரு சூடாவுதுன்னு. இன்னா பதிலு வந்திச்சு தெரியுமா?"

"தெரியும்."

"பாசனப் பருவம் முடிஞ்சா சீராயிடுமாம். பாசனத்துக்குக் கரண்டு கேட்டா, பாசனம் முடிஞ்சி தர்றேன்றாங்க. அதே பதில உங்க சம்சாரத்துக்கும் சொல்லிடுங்க சார்."

"அது வந்து..."

"இன்னா பேசறாங்க ரேடியோவுல?"

"மழைக்காலத்தில விறகு நனையாமக் காப்பாத்தறது எப்படின்னு."

அவர் சிரித்த சிரிப்பில் தோள் துண்டு வாய்க்காலில் விழுந்து மிதந்து போயிற்று. அதை எட்டிப் பிடித்துப் பிழிந்துகொண்டே சொன்னார்: "பயிரு கருகிக்கினு கீது, இவங்க வெறகு நனையுதுன்னு பேசறாங்க. சரி சார், ஒரு பேச்சு. மழ வந்தா நானே நிறுத்திடறேன். போயி கூட்டினு வாங்க."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீங்க மனு படிக்கிற மாதிரி பேசியிருப்பீங்க."

"தெளிவாப் பேசினேன்."

"அதான் சொல்றேன். விடுங்க. அந்த ஆறு பேர நிறுத்தச் சொல்லுங்க, வர்றது வரட்டும்."

மறுநாள் மறுபடி ஒரு சுற்று நடந்தேன். ஏரிக்கரைக்காரர் மாட்டேன் என்று சொன்ன சேதி எனக்கு முன்பே எல்லா வரப்புக்கும் போயிருந்தது. நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவர் மறுத்துவிட்டார் என்பதாலேயே மற்ற ஆறு பேரும் சம்மதித்தார்கள். "அவன் நிறுத்தலன்னா நாங்க இன்னா பேஜாராயிடுவோமா? ஒரு சாயங்காலத் தண்ணி போனாப் போவுது நைனா" என்றார் பெரியவர். மனுவில் எழுத முடியாத காரணம் அது. ஆனால் வேலை செய்தது.

ஒலிபரப்பு நாளன்று காலையிலிருந்தே காற்று அசையவில்லை. கடல் பக்கத்திலிருந்து வரும் உப்பங்காற்றும் மதியத்தோடு நின்றுவிட்டது. அடுப்பில் வெந்நீர் வைக்கத் தேவையில்லாதபடி தொட்டி நீரே கொதித்தது. கோடையில் விறகுச் செலவு குறையும் என்று அவள் எழுதியிருந்ததற்கு அந்த நாளே சாட்சி. வாரத் தொடக்கத்தில் ஒரு வண்டிச் சவுக்குக் கட்டை வாங்கிப் பிளந்து கொல்லையில் பரப்பியிருந்தாள். பங்குனி வெயிலில் காய வைத்தால்தான் ஐப்பசியில் எரியும் என்பது அவள் உரையின் முதல் பத்தி.

நாலு மணிக்கு மேற்கே நாகலாபுரம் மலைப் பக்கம் மை கொட்டியதுபோல ஒரு திட்டு தெரிந்தது. கோடை மேகம், வரும் போகும் என்று நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆனதும் பம்புசெட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மோட்டாரை நிறுத்தியது மட்டுமல்ல, குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். நான் கால் மணி நேரம் கரண்டு கேட்டேன். அவர்கள் பாய் கேட்டார்கள். கூடத்தில் இடமில்லாமல் சமையற்கட்டு வாசல்வரை உட்கார்ந்தார்கள். பெரியவர் ரேடியோவுக்கு எதிரில் கோயிலில் உட்காருவதுபோல் சம்மணம் போட்டார். அவள் மரூன் புடவை கட்டி, ரேடியோவுக்கும் வாசலுக்கும் நடுவே நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தாள்.

பல்பு சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு வந்தது. அதற்குமேல் ஏறவில்லை. ரேடியோவின் உறுமல் கொஞ்சம் தடித்தது, அவ்வளவுதான். பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தால், ஏரிக்கரைப் பக்கம் ஒரே ஒரு மோட்டார் மட்டும் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"கேளு, கேளு. தனியா எப்படிக் கத்துது பாரு" என்றார் ஒருவர்.

"அவன் ஊட்டுல கூட பல்பு எரியாது. அவம் பொண்டாட்டி இருட்டுல கொழம்பு ஊத்துறா" என்றார் இன்னொருவர்.

"சும்மா இருங்களேன்" என்றாள் அவள். என் கைக்கடிகாரத்தைப் பிடித்துத் திருப்பி அவளே நேரம் பார்த்தாள். முன் நிகழ்ச்சி முடிந்திருக்கும். இப்போது அறிவிப்பாளர் வாயைத் திறந்திருப்பார். பச்சைக் கண் மட்டும் திறக்கவில்லை.

அப்போது கதவு தானாக அடித்துக்கொண்டது. காற்று. செம்மண் வாசனை கூடத்துக்குள் வந்தது. அடுத்த மூச்சுக்குள் பல்பு வெளுத்தது. வெளுத்தது என்றால், அதுவரை அந்தக் கூடத்தில் யாரும் பார்க்காத ஒரு வெள்ளை. சுவரில் எல்லார் நிழலும் சட்டென்று எழுந்து நின்றது.

"ஏரிக்கரையில மழ" என்றார் பெரியவர் அமைதியாக.

பச்சைக் கண் திறந்தது. முதலில் ஒரு கோடு, பிறகு ஒரு இலை. உறுமல் அடங்கி, யாரோ வெகு தூரத்திலிருந்து ஓடிவருவதுபோலக் குரல் நெருங்கியது. அறிவிப்பாளர் எங்கள் ஊரின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் ரேடியோவுக்குள்ளிருந்து வருவதைக் கேட்டதும் ஆறு குடும்பமும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிற்று.

"நம்மூரு, நம்மூரு சொல்றான்."

"யம்மா, உம் பேரு வந்திச்சு."

"சார் பேரும் சேர்த்துச் சொல்றான் பாரு."

"சும்மா இருங்க, நான் பேசறேன்" என்று அவள் கூவினாள். அவள் கூவிய அதே நொடியில் ரேடியோவில் அவள் 'வணக்கம்' சொன்னாள். தன் குரலின் முதல் சொல்லை அவள் தன் குரலாலேயே மூடிவிட்டாள்.

கூடம் அடங்கியது. "மழைக்காலம் வருவதற்கு முன்பாகவே..." என்று ஒரு பெண் குரல் தொடங்கியது. எனக்குத் தெரிந்த குரல், தெரியாத ஒழுங்கு. என் மனைவி தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி நின்றாள். வெளியே தென்னை ஓலைகள் ஒன்றோடொன்று உரசின. "...இல்லத்தரசிகள் தங்களுக்குத் தேவையான விறகை..."

கரண்டு போயிற்று.

விதிப்படி சரிதான். கோடைக் காற்று வலுத்தால் கம்பிகள் ஒன்றோடொன்று மோதும், ஆகவே உடனே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அந்தச் சுற்றறிக்கையைப் பங்குனி முதல் வாரத்தில் ஆறு பிரதிகள் தட்டச்சு செய்தது நான்தான். லைன்மேன்கள் எல்லாரும் படித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று சரிபார்த்ததும் நான்தான்.

இருட்டில் ரேடியோவின் பச்சைக் கண் மட்டும் கொஞ்ச நேரம் அணையாமல் மங்கிக்கொண்டே இருந்தது. அது அணையும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வந்துடும்" என்றேன். வராது என்று எனக்குத் தெரியும். காற்று நின்று, லைன் முழுக்கப் பார்த்து, அதற்குப் பிறகுதான்.

வாசலில் தடதடவென்று ஓடிவரும் சத்தம். தலையில் துண்டு, உடம்பெல்லாம் நீர் வழிய ஏரிக்கரைக்காரர் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"நிறுத்திட்டேன் சார், நிறுத்திட்டேன். சொன்ன சொல்லு தவற மாட்டேன். பேசிட்டாங்களா? மீதி கீதா?"

"போடா இவனே. முன்னாடியே நிறுத்தியிருந்தா..." என்று பெரியவர் எழுந்தார்.

அதற்குள் ஓட்டின்மேல் மழை விழுந்தது. கைநிறையக் கூழாங்கல்லை வாரி இறைத்ததுபோல் முதல் சத்தம், பிறகு இடைவெளி இல்லாத இரைச்சல். ஏரிக்கரைக்காரர் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. பயிர் பிழைத்தது. ஒரு நிமிடம் ரேடியோவை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அவள் மறக்கவில்லை, ஆனால் அவள் நினைவு வேறொன்றில் தட்டியது.

"ஐயோ, வெறகு" என்று கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

ஒரு வருஷ அடுப்பு அங்கே பரப்பிக் கிடந்தது. அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ஆறு பம்புசெட்டுக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஏற்கெனவே நனைந்திருந்ததால் தயக்கமே இல்லாத ஏரிக்கரைக்காரர். மின்னல் வெட்டும்போது மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நடுவில் மரூன் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள்.

"மொதல்ல சன்னக் கட்டைய எடுங்க, பெரிசு நனைஞ்சா மேலோட நிக்கும், சன்னது உள்ள வரைக்கும் குடிச்சிடும்."

இது மூன்றாம் பத்தி. நல்ல கையெழுத்தில் எழுதியவன் என்பதால் எனக்குத் தெரிந்தது.

"தரையில போடாதீங்க நைனா. செங்கல் வச்சி, குறுக்கால ரெண்டு கட்ட வச்சி, அதுக்கு மேல அடுக்குங்க. காத்து கீழ போணும்."

நான்காம் பத்தி.

"ஏரிக்கரையாரே, இன்னா வேடிக்க? பட்ட இருக்கிற பக்கம் மேல வரணும். வானத்தப் பாக்கணும் பட்ட. அப்பத்தான் தண்ணி வழுக்கிக்கினு ஓடும்."

"இதெல்லாம் ரேடியோவுல சொன்னியாம்மா?" என்று கட்டையைத் தோளில் வாங்கியபடி கேட்டார் அவர்.

"சொன்னேன். நீதான் மோட்டாரு ஓட்டினு இருந்த."

"சரி சரி, மீதியும் சொல்லு."

சொன்னாள். நாளைக்கு எரிக்க வேண்டியதை இன்றைக்கே அடுப்புக்கு மேலே பரணில் போடவேண்டும், இன்றைய சூட்டிலேயே நாளைய விறகு காயும் என்பதைச் சொன்னாள். சவுக்குக் காயைத் தனி டின்னில் மூடி வைத்தால் கிருஷ்ணாயில் ஊற்றாமலே தீப்பற்றும் என்பதைச் சொன்னாள். ஓலைத் தட்டி எந்தச் சாய்வில் இருக்க வேண்டும் என்பதை, அதைத் தவறாகப் பிடித்துக்கொண்டிருந்த என்னை வைத்தே விளக்கினாள். உரையில் இல்லத்தரசிகளைத் 'தாங்கள்' என்று அழைத்தவள், கொல்லையில் அந்த மரியாதையை வெட்டிக் குறைத்திருந்தாள். இடிக்கும் மழைக்கும் மேலாக, ஊரின் அந்தக் கோடிவரை கேட்டிருக்கும்.

கட்டைகள் எல்லாம் தாழ்வாரத்துக்குள் வந்து சேர்ந்தபோது மழை கொஞ்சம் நிதானித்தது. எல்லாரும் நனைந்த கோழிகளைப்போல் கூடத்தில் உட்கார்ந்து, வேட்டி முனையால் தலையைத் துவட்டிக்கொண்டு, அவரவர் வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று உரக்கச் சண்டை போட்டார்கள். நாளைக்கு ஒரு மோட்டாரும் ஓடாது. நாளை சாயங்காலம் எங்கள் ரேடியோ தெள்ளத்தெளிவாகப் பேசும், வேறு யாருடைய குரலையாவது.

அவள் அரிக்கேன் விளக்கோடு வந்து நின்றாள். பெரியவரைப் பார்த்து, மற்றவர்கள் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"நைனா, நீங்க கிட்ட உட்காந்து இருந்தீங்க இல்ல. ரேடியோவுல என் குரலு எப்படி இருந்திச்சு?"

பெரியவர் காதில் புகுந்த தண்ணீரை விரலால் உதறிவிட்டு யோசித்தார்.

"இப்ப கொல்லையில எங்கள வெரட்டினியே, அதே குரலுதான்மா. ரேடியோவுல கொஞ்சம் மரியாத குடுத்துப் பேசின. அவ்வளவுதான்."

"ராட்டினம் மாதிரி இல்லியே?"

"ராட்டினம் யாரு சொன்னது? ராட்டினம் சொன்னா நான் கட்ட தூக்குவனா?"

அவள் சிரித்தாள். காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள். காய்ந்த கட்டையில் தீ சட்டென்று பிடித்த சத்தம் கேட்டது. ஈயப் பாத்திரத்தை அடுப்பில் வைத்த சத்தம். அதற்குப் பிறகு, ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் எனக்குக் கேட்காமல் போன அந்த நிதானமான குரலில், வெறும் சமையற்கட்டைப் பார்த்து அவள் "வணக்கம்" என்று சொன்னாள். கொஞ்சம் நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டிருப்பாள். பிறகு இன்னொரு தரம், சற்று உரக்கச் சொன்னாள்.

கூடத்திலிருந்து ஏரிக்கரைக்காரர் தயங்காமல் பதில் கொடுத்தார். "வணக்கம்மா. எனக்குச் சக்கர தூக்கலா."